குதிரையும் கழுதையும்: நோய் வருமுன் காத்தலும் வந்தபின் செய்ய வேண்டியதும்

ஒரு குதிரைக்கோ கழுதைக்கோ உடல்நலம் குன்றியிருக்கிறது என்பதைக் கண்டறிய, அது நலமாக இருக்கும் நாளில் எப்படி இருக்கும் என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் உடல் வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரையிலும், நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரையிலும், மூச்சு 8 முதல் 16 வரையிலும் இருக்கும். கழுதையின் கணக்கு வேறு. அதன் வெப்பநிலை 36.5 முதல் 37.8 வரை, நாடி 36 முதல் 52 வரை, மூச்சு 12 முதல் 28 வரை. ஆகவே 38.3 டிகிரி என்பது குதிரைக்கு இயல்பு, கழுதைக்கோ காய்ச்சல். வெப்பமானியை ஆசனவாயில் வைக்கும்போது நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். நாடியைக் கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் ஓடும் தமனியை விரலால் மெல்ல அழுத்தி எண்ணலாம். மூச்சை விலாப்பக்கம் ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணலாம். நலமான நாட்களில் நாலைந்து முறை எண்ணிக் குறித்து வைத்த தாள் ஒன்று கொட்டகையில் இருந்தால், நோய் வந்த நாளில் அதைவிடப் பயனுள்ள பொருள் வேறில்லை.

கழுதையைச் சிறிய குதிரை என்று நினைப்பதால் ஏற்படும் இழப்புகளே மிகுதி என்பது என் உறுதியான கருத்து. குதிரை வலியை வெளிக்காட்டிவிடும். கழுதை பெரும்பாலும் காட்டாது. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக நிற்பது, காதுகள் தளர்ந்து தொங்குவது, வழக்கமான உற்சாகமின்றித் தீனியைப் பார்ப்பது ஆகிய இவ்வளவுதான் அதன் முறையீடு. அதற்குள் உள்ளே நோய் முற்றியிருக்கக்கூடும். அதிலும் தீனியைத் தொடாத கழுதையை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் கழுதையின் உடல், சேமித்து வைத்த கொழுப்பை அளவுக்கு மீறி இரத்தத்தில் இறக்கிவிடும். அந்தக் கொழுப்பு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும். ஹைப்பர்லிப்பீமியா எனப்படும் இந்த நிலை உடல் பருத்த கழுதைகளையும் சினையாக இருக்கும் கழுதைகளையும் எளிதில் தாக்கும். சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடும். பல்வலி, குளம்பு வலி, நெடும்பயணம், துணையைப் பிரிந்த ஏக்கம் என எது பசியைக் கெடுத்தாலும் இதற்கு வாசல் திறந்துவிடும். அதனால் காலை தீனி வைத்துவிட்டு அப்படியே போய்விடாமல், அது நிஜமாகவே மென்று விழுங்குகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். வாயை அசைத்துக்கொண்டு தின்பதுபோல் நிற்கும் கழுதைகளும் உண்டு.

அடுத்ததாக, கோலிக் என்று மருத்துவர்கள் சொல்லும் வயிற்று வலி. குதிரையின் இரைப்பை உடலின் அளவோடு ஒப்பிட்டால் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். செரிமானத்தின் பெரும்பகுதி பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகளால் நடக்கிறது. குதிரையால் வாந்தியெடுக்கவும் முடியாது. ஒரே வேளையில் நிறையத் தானியம் கொடுப்பது, தீவனத்தைத் திடீரென மாற்றுவது, போதிய நீர் இல்லாமல் காய்ந்த தீனியை மட்டும் தின்னவிடுவது, குடற்புழு, கூர்மையடைந்த பற்கள் ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். தடுப்பதற்கு உலர்தீவனத்தை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கிடைக்கச் செய்யுங்கள். அடர்தீவனம் தேவைப்பட்டால் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். தீவன மாற்றத்தைப் பத்து நாட்களுக்குக் குறையாமல் நீட்டிச் செய்யுங்கள். 500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் நீர் குடிக்கும். வெயிலிலும் உழைப்பிலும் அதற்கு மேலும் தேவைப்படும். பூஞ்சை பிடித்த தீனியை, குறிப்பாகப் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை, வீணாகிறதே என்று போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள நச்சு குதிரையின் மூளையைச் சிதைக்கும். கோழித் தீவனமும் ஆகாது. அதில் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து குதிரைக்கும் கழுதைக்கும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு.

வலி வந்துவிட்டால் குதிரை முன்னங்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்க்கும், படுத்துப் புரளும். உடனே தீனியை அகற்றிவிட்டு மருத்துவரை அழையுங்கள். புரள முயலும் குதிரையைச் சிறிது நேரம் மெதுவாக நடத்தலாம். களைத்துப் போகும்வரை மணிக்கணக்கில் நடத்துவது தீங்கு. வாய்வழியாக எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும், ஏனென்றால் அது நுரையீரலுக்குள் இறங்கினால் வயிற்று வலியோடு நிமோனியாவும் சேர்ந்துவிடும். மருத்துவர் சொல்லாமல் வலிநிவாரணி கொடுப்பதும் கூடாது. வலி அடங்கியதுபோல் தெரியும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருப்பது மறைந்துவிடும். நாடி 60-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் நிலைமை கடுமையானது என்று கொள்ளுங்கள்.

குளம்புக்கு வருவோம். நாள்தோறும் நான்கு குளம்புகளையும் தூக்கி, அடியில் அடைந்திருக்கும் மண்ணையும் கல்லையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை, லாடம் அடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பயிற்சி பெற்றவரைக் கொண்டு செதுக்க வேண்டும். அடிப்பகுதியில் உள்ள முக்கோண வடிவ மெத்தைப் பகுதி கறுத்து, குழைந்து, துர்நாற்றம் வீசினால் அது ஈரத்தரையில் நிற்பதால் வரும் அழுகல். தரையை உலர்வாக வைத்து, குளம்பைச் சுத்தம் செய்து கிருமிநாசினி இட்டால் ஆறிவிடும். நேற்று நன்றாக நடந்த விலங்கு இன்று ஒரு காலை ஊன்றவே மறுத்தால், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கக்கூடும். அதை மருத்துவரே திறந்து வடிக்க வேண்டும்.

இவற்றைவிட அஞ்ச வேண்டியது லேமினைட்டிஸ். குளம்பின் வெளிச்சுவரை உள்ளிருக்கும் எலும்போடு பிணைத்திருக்கும் மெல்லிய திசு அழற்சியுற்று, பிடிப்பு விட்டு, எலும்பே கீழ்நோக்கித் திரும்பிவிடும் நோய் இது. அளவுக்கு மீறிய தானியம், கொழுத்த பசும்புல், உடல் பருமன், ஹார்மோன் கோளாறு ஆகியவை இதைத் தூண்டும். முன்னங்கால்களை முன்னே நீட்டி உடல் எடையைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி நிற்பதும், குளம்பு சூடாக இருப்பதும், திரும்பும்போது தயங்கித் தயங்கி அடி வைப்பதும் அடையாளங்கள். மருத்துவர் வரும்வரை நடத்தாமல் மெத்தென்ற படுக்கையில் நிறுத்தி, குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் வைத்திருங்கள். தானியத்தையும் பசும்புல்லையும் நிறுத்துங்கள், ஆனால் பட்டினி போடாதீர்கள். கழுதைக்குப் பட்டினி என்ன செய்யும் என்பதை மேலே சொன்னேன்.

காயங்களைப் பொறுத்தவரை, சாம்பல், மஞ்சள், எஞ்சின் எண்ணெய் போன்றவற்றைப் பூசும் பழக்கம் புண்ணை ஆறவிடாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்துத் தாராளமாகக் கழுவுங்கள். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டுங்கள். சேணமோ கட்டுக்கயிறோ உராய்ந்து உண்டான புண்ணுக்கு மருந்தைவிட, அந்த உராய்வை நீக்கி ஓய்வு கொடுப்பதே சிகிச்சை. மூட்டுக்கு அருகிலோ குளம்பின் அடியிலோ ஆணி போன்றது குத்தியிருந்தால், வெளியே சிறு துளைதான் தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். இரணஜன்னி என்னும் டெட்டனஸ் குதிரை இனத்தை மற்ற கால்நடைகளைவிட எளிதில் பற்றும். உடல் மரக்கட்டைபோல் விறைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாம் இமை வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிது. தடுப்பூசியோ எளிது: முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு மருத்துவர் சொல்லும் கால அளவில் ஊக்கத் தவணை.

குடற்புழு மருந்தை நாள்காட்டியைப் பார்த்துக் கொடுப்பது பழைய முறை. அதனால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிட்டன. லத்தியைப் பரிசோதித்து, முட்டைகளின் எண்ணிக்கை அதிகமுள்ள விலங்குகளுக்கு எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே இன்றைய வழி. மேய்ச்சல் தரையிலிருந்து வாரம் இருமுறை லத்தியை அள்ளுவது பாதி மருத்துவம். கழுதையும் குதிரையும் சேர்ந்து மேயும் இடத்தில் குதிரை மட்டும் இருமிக்கொண்டிருந்தால், கழுதையிடம் அறிகுறியின்றித் தங்கியிருக்கும் நுரையீரல் புழுவையும் சந்தேகியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பற்களைச் சோதித்து, கூர்முனைகளை ராவிவிடச் செய்ய வேண்டும்.

புதிதாக வாங்கிய விலங்கை இரண்டு, மூன்று வாரங்கள் தனியே கட்டுங்கள். தாடைக்கு அடியில் வீக்கமும் மூக்கில் சீழும் இருந்தால் தொட்டி, வாளி, துடைக்கும் துணி எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். தோலில் முடிச்சு முடிச்சாகப் புண்கள் கிளம்பினால் வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அது கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம்; அந்நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கும்.

நோயுற்ற கழுதையைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லும்போது அதன் துணைக் கழுதையையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். பிரித்தால் இரண்டுமே தீனியை விட்டுவிடக்கூடும். ஒன்று இறந்துபோனாலும் உடலை உடனே அகற்றாமல், மற்றது முகர்ந்து பார்த்துத் தானாக விலகிச் செல்லும்வரை விட்டுவைத்து, அடுத்த சில நாட்கள் அது தின்னும் ஒவ்வொரு வாய்த் தீனியையும் கவனித்து வாருங்கள்.