கிழக்கு லண்டனின் வீட்டுப் பிரசவத்தைக் கதையில் எழுதுவது எப்படி

1950களின் கிழக்கு லண்டனைக் களமாக வைத்துத் தமிழில் கதையோ நாடகமோ எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் பிரசவ வேதனையில்தான் தொடங்குகிறார்கள். கணவன் இருட்டில் ஓடுகிறான், மருத்துவச்சி சைக்கிளில் வருகிறாள், ஓர் அலறல், ஒரு குழந்தையின் அழுகை, திரை விழுகிறது. மேடையில் அது எடுபடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மருத்துவச்சியின் வேலையில் பெரும்பகுதி வலி எடுப்பதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, அந்த வீட்டுப் படியேறிச் சென்று அறையைப் பார்வையிட்டபோதே நடந்துவிடுகிறது. ஆகவே கதையையும் அந்தப் படிக்கட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் ‘மருத்துவச்சி’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வாசகர் மனத்தில் கைப்பழக்கத்தால் பிள்ளைப்பேறு பார்க்கும் ஊர்க் கிழவி வந்து நிற்பாள். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட பெண்கள் கூலிக்குப் பிரசவம் பார்ப்பதை 1902ஆம் ஆண்டுச் சட்டம் படிப்படியாகத் தடுத்தது. 1936ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் பெறும் மருத்துவச்சிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பிறகு தாய் காசு கொடுக்க வேண்டியதில்லை. எனவே உங்கள் பாத்திரம் தேர்வெழுதிப் பதிவு பெற்ற, சீருடை அணிந்த ஒரு பெண். கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கன்னியர் சபை ஒன்றும் இந்தப் பணியைச் செய்தது. அங்கே கன்னியரை ‘சிஸ்டர்’ என்றும் மற்றவர்களை ‘நர்ஸ்’ என்றும் அழைக்க வையுங்கள். தாயை மருத்துவச்சி கணவன் பெயரோடு ‘மிஸஸ்’ சேர்த்தே அழைப்பாள்; அந்தத் தெருவில் ‘அம்மா’, ‘தாயி’ எல்லாம் ஒட்டாது.

களத்தைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டாம், சில குறிப்புகள் போதும். 1940 செப்டம்பர் 7இல் தொடங்கிய ஜெர்மன் குண்டுவீச்சு துறைமுகத்தை ஒட்டிய தெருக்களைப் பிளந்துபோட்டிருந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் இடிபாட்டு மனைகளில் பிள்ளைகள் விளையாடினார்கள். 1951இல் பாப்லரில் லான்ஸ்பரி என்ற புதிய குடியிருப்பில் மக்கள் குடியேறத் தொடங்கினார்கள் என்றாலும், பல குடும்பங்கள் பழைய அடுக்கு வீடுகளில் ஓரிரு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு, குழாயையும் கழிப்பிடத்தையும் அண்டை வீட்டாரோடு பகிர்ந்தே வாழ்ந்தன. துறைமுகத் தொழிலாளிக்கு வேலை நாளுக்கு நாள் ஆளெடுப்பில் கிடைப்பது. பங்கீட்டு அட்டை 1954 ஜூலை வரை இருந்தது என்பதை மறந்து, 1950இல் நடக்கும் விருந்தில் இறைச்சியைக் குவித்துவிடாதீர்கள்.

இனி அந்த முதல் வருகை. மருத்துவச்சி அறைக்குள் நுழைந்ததும் என்ன பார்க்கிறாள் என்பதை அவள் கண்ணால் எழுதுங்கள். கட்டிலின் இரு பக்கமும் நின்று வேலை செய்ய இடம் இருக்கிறதா, மெத்தை நடுவில் குழிந்திருக்கிறதா, குழிந்திருந்தால் அடியில் கொடுக்கப் பலகை கிடைக்குமா, தண்ணீர் எந்த மாடியிலிருந்து வர வேண்டும், கொதிக்க வைக்கும் பாத்திரம் எவ்வளவு பெரியது, மற்றப் பிள்ளைகளை அன்றிரவு யார் வீட்டில் படுக்க வைப்பது, பெண்ணின் தாய் அருகில் குடியிருக்கிறாளா என்பதையெல்லாம் அவள் கணக்கிடுகிறாள். பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வைக்கச் சொல்கிறாள், படுக்கையின் மேலும் தரையிலும் விரிப்பதற்காக. கேஸ் அடுப்பு காசு போட்டால் எரியும் மீட்டரில் ஓடுவதால், சில ஷில்லிங் நாணயங்களைத் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறாள். நடு இரவில் தண்ணீர் பாதி சூடேறியபோது அடுப்பு அணைவதைவிட அந்த வறுமையைத் துல்லியமாகக் காட்டும் காட்சி எனக்குத் தெரியவில்லை. தொட்டில் இல்லாத வீட்டில் அலமாரியின் இழுப்பறையை வெளியே எடுத்துப் போர்வை விரித்தால் தொட்டிலாகிவிடும். இதையெல்லாம் அவள் கண்டிக்கும் குரலில் சொல்லக்கூடாது. தாய்க்கு வெட்கம் வராதபடி கேட்கத் தெரிந்தவளே அந்தத் தெருவில் நிலைத்தாள்.

கர்ப்பகாலப் பரிசோதனையைக் காட்ட விரும்பினால் சிறுநீர்ச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள், நாடகத்துக்கு அதுவே உகந்தது. சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீர் ஊற்றி, அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, மேற்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டுவார்கள். சூடான பகுதி வெண்மையாகக் கலங்கினால் சில துளி அசிட்டிக் அமிலம் விடுவார்கள். கலங்கல் தெளிந்தால் வெறும் பாஸ்பேட், கவலையில்லை. தெளியாமல் நின்றால் அல்புமின் என்ற புரதம், அது எச்சரிக்கை. அதோடு இரத்த அழுத்தமும் ஏறி, மோதிரம் கழற்ற வராத அளவுக்கு விரலும் வீங்கியிருந்தால், வலிப்பு வருவதற்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். ‘பிள்ளைகளை யார் பார்ப்பது?’ என்று அவள் திருப்பிக் கேட்கும் இடத்தில் உங்கள் உரையாடல் தானாகவே வந்துவிடும். சிறு வயதில் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு குறுகிப்போன குள்ளமான பெண்களையும் மருத்துவச்சி இதே கவலையோடுதான் பார்ப்பாள். அடுத்த தலைமுறைக்கு அந்தக் குறை வராதிருக்கவே கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அரசு மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வழங்கியது.

பிரசவ இரவுக்கு வரும்போது மருந்துகளின் ஆண்டைக் கவனியுங்கள், பிழை நேர்வது இங்கேதான். வலியைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் காற்றோடு கலந்து தரும் மின்னிட் கருவியை மருத்துவச்சிகள் பயன்படுத்த 1936இல் அனுமதி கிடைத்தது. வலி தணிக்கும் பெதடின் ஊசிக்கு 1950இல் கிடைத்தது. வாயுவையும் ஆக்சிஜனையும் ஒரே உருளையில் அடைத்த என்டோனாக்ஸ் 1960களின் நடுப்பகுதியில்தான் வருகிறது, ஆகவே 1955இல் நடக்கும் கதையில் அதற்கு இடமில்லை. மின்னிட் கருவியின் முகமூடியைத் தாயே தன் கையால் பிடித்துக்கொள்வாள். மயக்கம் கூடினால் கை தளர்ந்து முகமூடி தானாக விழுந்துவிடும், அந்தத் தளர்ச்சியே அவளுக்குப் பாதுகாப்பு. அதை வேறொருவர் அழுத்திப் பிடிப்பதாக எழுதினால் விஷயம் அறிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

வலிக்கு நடுவே நீண்ட காத்திருப்பும் இருக்கிறது. தயவுசெய்து அதை வெட்டாதீர்கள். வயிற்றில் பினார்ட் குழலை வைத்து, அதில் காதை அழுத்தி, கையை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணும் அந்த ஒரு நிமிடத்தில் அறையே பேச்சை நிறுத்தும். கணவனுக்கு அறைக்குள் பெரும்பாலும் இடமில்லை. தண்ணீர் கொதிக்க வைப்பதும் தேநீர் போடுவதும் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடுவதும் அவன் வேலை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் கதை நடந்தால் மருத்துவச்சியை சைக்கிளில் பறக்கவிடாதீர்கள். தன் கால்களே தெரியாத இடங்களில் சுவரைத் தடவித்தான் நடக்க முடிந்தது.

பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காவிட்டால் மருத்துவச்சி கர்ப்பப்பையை வயிற்றின் மேலிருந்து தேய்த்து இறுகச் செய்வாள், அதைச் சுருக்கும் எர்கோமெட்ரின் ஊசி போடுவாள், மருத்துவரை அழைப்பாள். அதற்கும் மேலே போனால் இரத்தப் புட்டிகளுடன் ஆஸ்பத்திரிக் குழு ஆம்புலன்ஸில் அந்த வீட்டுக்கே வரும். இதை ஒரே ஒரு முறை பயன்படுத்துங்கள். பத்துப் பிரசவத்தில் பத்தும் ஆபத்தாக முடிந்தால் அந்தப் பெண்களின் திறமையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

குழந்தை பிறந்ததும் கதையை முடித்துவிட வேண்டாம். பிறப்பை 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். முதல் சில நாள்கள் மருத்துவச்சி காலையும் மாலையும் வருவாள், பிறகு நாளுக்கு ஒருமுறை. வெப்பநிலை, நாடி, தொப்புள்கொடி, பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, தாய் சாப்பிட்டாளா அல்லது தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளா என்பதையும் கழுவாத தட்டுகளை எண்ணியே கண்டுபிடித்துவிடுவாள். பையில் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்பது போல, ‘மீட்டருக்கு ஷில்லிங் இருக்கிறதா?’ என்பாள்.