புது சைக்கிள் பேரத்தில் கோட்டை விடும் இடங்கள்

முதல்முறை கியர் சைக்கிள் வாங்க வருகிறவர் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, "எவ்வளவு குறைப்பீங்க?" மாடலும் சைஸும் அதற்குப் பிறகுதான். கடைக்காரருக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர் கிடையாது. எது விற்காமல் கிடக்கிறதோ அதை எடுத்து நிறுத்துவார், கேட்டதற்கு மேலேயே குறைத்தும் தருவார். நாலு கடை ஏறி விசாரிப்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை இங்கே சொல்லப்போவதில்லை. டெகாத்லான் போல ஒரே விலைக்கு விற்கும் இடங்களில் பேரத்துக்கே வழியில்லை. பல கம்பெனி சைக்கிள்களை வைத்து விற்கும் டீலர் கடைகளுக்குத்தான் இது.

தள்ளுபடிக்காக சைஸை விட்டுக்கொடுப்பது

மற்ற தவறுகளில் ஐநூறோ ஆயிரமோ போகும். இதில் சைக்கிளே போகும். அப்படியும் வாரம் தவறாமல் யாராவது செய்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

நடப்பது இப்படி. 5 அடி 4 அங்குலம் உயரமுள்ளவருக்கு 24,000 ரூபாய் ஹைபிரிட் சைக்கிள் (தார் ரோட்டுக்கும் மண்பாதைக்கும் பொதுவான வகை) ஒன்று பிடித்திருக்கிறது. அவருக்குச் சரியானது மீடியம் ஃபிரேம். அதற்கு 5 சதவீதம்தான் குறையும், 22,800. பக்கத்திலேயே அதே மாடல், அதே நிறம், லார்ஜ் ஃபிரேம். அதற்கு 20 சதவீதம் தள்ளுபடி, 19,200. கடைப் பையன் சீட்டை அடிவரை இறக்கிவிட்டு, "உட்காருங்க சார், கால் எட்டுதுல்ல? அப்புறம் என்ன?" என்கிறான். கால் எட்டுகிறது. 3,600 ரூபாய் மிச்சம் என்று வண்டி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

கால் தரையில் எட்டுவதை வைத்து சைஸ் சரி என்று சொல்ல முடியாது. சீட்டை ஏற்றி இறக்கிக் காலுக்குச் சரிசெய்துகொள்ளலாம். ஃபிரேம் சைஸில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரைக்குமான நீளம். அதை சீட் மாதிரி ஏற்றி இறக்க முடியாது. நீளம் அதிகமானால் முழங்கை மடங்காமல் விறைத்து நிற்கும். உடம்பின் எடை உள்ளங்கையில் இறங்கும். அரைமணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும், பிடரி வலிக்கும். சரி என்று சீட்டை முன்னால் தள்ளினால் முட்டி பெடலைத் தாண்டிப் போய், வலி அங்கே ஆரம்பிக்கும்.

பிறகு செலவு. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம். 100 மில்லிமீட்டர் ஸ்டெமுக்குப் பதில் 60 மில்லிமீட்டர் போட்டால் 4 சென்டிமீட்டர் கிட்ட வரும், சுமார் 800 ரூபாய். ஆனால் ஹேண்டில் வெடுக்கென்று திரும்ப ஆரம்பிக்கும். வலி சீட்டால்தான் என்று யாராவது சொல்ல, புது சீட்டுக்கு 1,200. கை மரத்துப்போவதற்கு கிரிப் மாற்ற 500. மிச்சம் பிடித்த 3,600-இல் 2,500 போயிற்று, ஃபிரேம் மட்டும் லார்ஜாகவே இருக்கிறது. கடைசியில் ஆறு மாதம் பால்கனியில் தூசி படிந்து, பழைய சைக்கிளாகப் பாதி விலைக்குப் போகும்.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதே கதை "வளர்ற பையன்தானே" என்ற பெயரில் வரும். ஏழு வயதுப் பையனுக்கு 20 இன்ச் வீல் போதும். தள்ளுபடியில் கிடைத்தது என்று 24 இன்ச் வாங்கித் தந்தால் பிரேக் லீவரைப் பிடிக்க அவன் விரல் எட்டாது. வளர்ந்துகொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை அது.

கடையில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். இரண்டு கால்களுக்கும் நடுவே சைக்கிளை வைத்து நின்றால் மேல் பாருக்கு மேலே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் உங்கள் சீட் உயரம். அந்த உயரத்தில் ஹேண்டிலைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது, கால்மணி நேரமாவது ஓட்டுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு விலை பேசுங்கள்.

விற்காமல் தங்குவது பெரும்பாலும் ஓரத்து சைஸ்கள்தான், ரொம்பச் சின்னதும் ரொம்பப் பெரியதும். உங்கள் உயரம் 5 அடிக்குக் கீழோ 6 அடிக்கு மேலோ என்றால் யோகம்தான். கூச்சப்படாமல் அடித்துப் பேசலாம். கடைக்காரருக்கு அந்த வண்டி போனால் போதும்.

வரி குறைந்ததைத் தள்ளுபடியாக வாங்கிக்கொள்வது

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் விலை அச்சடித்த சைக்கிள் இன்னும் கடையில் நின்றால் கணக்குப் போடுங்கள். பழைய எம்.ஆர்.பி. 20,000 என்றால் 1.12-ஆல் வகுத்து 1.05-ஆல் பெருக்க வேண்டும். 18,750 வரும். "உங்களுக்காக ஆயிரத்து இருநூறு குறைச்சிருக்கேன்" என்பவர் தன் கையிலிருந்து ஒரு பைசா தரவில்லை. பேரம் 18,750-இல்தான் தொடங்குகிறது. இன்னொன்று, எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்தது. அதற்கு மேல் "ஜி.எஸ்.டி. தனி" என்று சொல்லும் கடையில் வேறு எதைப் பேசியும் பயனில்லை.

"மூவாயிரம் ரூபாய் ஐட்டம் ஃப்ரீ"

பெல், பாட்டில், பிளாஸ்டிக் மட்கார்டு, பட்டன் பேட்டரி லைட், கேபிள் பூட்டு. அட்டையில் அச்சடித்த விலையைக் கூட்டினால் மூவாயிரம் வரும், கடைக்கு அடக்கம் அதில் சிறு பங்குதான். பென்சில் தடிமன் கேபிள் பூட்டைச் சாதாரண கட்டிங் பிளையரால் வெட்டிவிடலாம். ரிஃப்ளெக்டர்களை இந்தக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள், அவை சைக்கிளோடு வர வேண்டியவை.

"இந்த செட் வேண்டாம், பதிலுக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்கள். வருகிற பதில்தான் அந்த மூவாயிரத்தின் உண்மையான மதிப்பு. பெரும்பாலும் ஐநூறு, அறுநூறில் நிற்கும்.

ஓசியில் கிடைக்கிறதே என்று ஸ்டாண்டும் கேரியரும் கேட்பவர்கள் ஃபிரேமைக் குனிந்து பாருங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் மரை போட்ட துளை இருந்தால்தான் கேரியர் ஒழுங்காக உட்காரும். இல்லாத வண்டியில் கிளாம்ப் வைத்து இறுக்குவார்கள். மெல்லிய அலாய் குழாயில் கிளாம்பை ஓங்கி இறுக்கினால் குழாய் நசுங்கும், வாரண்டியும் போகும்.

பாகங்களை மாற்றிக் கேட்காமல் விடுவது

பேரத்தில் உண்மையான லாபம் இங்கேதான், கேட்பவர்தான் குறைவு. வண்டி கடையை விட்டு இறங்கும்வரை அதில் இருக்கும் டயரும் ஸ்டெமும் சீட்டும் புதுச் சரக்கு. கழற்றி ஷெல்ஃபில் வைத்து முழு விலைக்கு விற்கலாம், அதனால் மாற்றித் தருவதில் கடைக்காரருக்கு நஷ்டம் குறைவு. மறுநாள் கொண்டுபோனால் அது செகண்ட் ஹேண்ட்.

தார் ரோட்டில் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு எம்.டி.பி. (கரடுமுரடான மலைப்பாதைக்கான) சைக்கிளின் முள்முள்ளான 2.1 இன்ச் டயர் வீண் பாரம். ரிம்முக்குப் பொருந்தினால் 1.75 வழுவழு டயர் கேளுங்கள். சைஸ் சரியாக இருந்தும் கை கொஞ்சம் நீண்டால் 10, 20 மில்லிமீட்டர் குட்டையான ஸ்டெம் கேளுங்கள். பாகங்களைப் பொருத்தித் தருவதற்கான பூட்டுக்கூலியைத் தள்ளச் சொல்லுங்கள். கூடவே டயர் அளவுக்கும் வால்வுக்கும் பொருந்தும் ஒரு உபரி ட்யூப். பைக்கில் வரும் தடித்த வால்வா, மெல்லிய பிரஸ்டாவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆன்லைன் விலையை நீட்டுவது

கடைக்காரரிடம் நீட்டலாம், பூட்டுக்கூலியைச் சேர்த்து. ஆன்லைனில் வருவது 85 சதவீதம் மட்டும் பொருத்திய வண்டி. ஹேண்டில், முன்சக்கரம், பெடல், சீட் நீங்கள் மாட்ட வேண்டும், பிரேக்கும் கியரும் செட் பண்ண வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்று தெரியாமல் இறுக்கினால் கிராங்க்கின் (பெடல் மாட்டும் கை) மரை தேய்ந்து போய்விடும்.

பில் இல்லாமல் ஐநூறு குறைப்பு

வேண்டாம். பில்லும், பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்க் அச்சு ஓடும் இடம்) அடியில் குத்தியிருக்கும் ஃபிரேம் நம்பர் அதில் எழுதியும் இல்லாமல் வாரண்டியும் கிடையாது, திருட்டுப் புகாரில் எழுத ஒன்றும் இருக்காது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.

ரொக்கத் தள்ளுபடியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை என்றதும் அது காணாமல் போகும்.

பள்ளி திறக்கும் நேரம்

ஜூன் முதல் வாரத்தில் பிள்ளைகள் சைக்கிளுக்குப் பேரம் பேசாதீர்கள். ஆடி வரட்டும்.

"ஃப்ரீ சர்வீஸ் உண்டு சார்"

என்னென்ன உண்டு என்று கேட்டால் பாதிக் கடைகளில் தண்ணீர் அடித்து செயினுக்கு ஆயில் விடுவதுதான். புது சைக்கிளில் முதல் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் கேபிள் தளரும், கியர் தடுமாறும். ஸ்போக்ஸ் கம்பிகள் இளகி வீல் கோட்டமாகும். அதை அப்படியே ஓட்டினால் கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். அதனால் கியர் டியூனிங், பிரேக் செட்டிங், இரண்டு வீலுக்கும் கோட்டம் எடுப்பது, ஸ்டெம், கிராங்க் போல்ட்டுகளை இறுக்குவது, இந்த நான்கையும் பில்லின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். முதல் சர்வீஸ் ஒரு மாதத்தில், அடுத்தது மூன்றாம் மாதத்தில். தேதியோடு கடை சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற பையன் மூன்று மாதத்தில் வேறு கடைக்குப் போயிருப்பான்.