நியூரோபெப்டைடு மரபணு வரைபடம்: எலி மூளையில் தடம் புரளும் இடங்கள்

நியூரோபெப்டைடு என்பது நரம்புச் செல்கள் செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதத் துண்டு. அந்தப் பெப்டைடு தென்படும் இடமெல்லாம் அதன் மரபணு வேலை செய்யும் இடமல்ல. ஒரெக்சின் என்ற பெப்டைடை உண்டாக்கும் செல்கள் பக்கவாட்டு ஹைப்போதலாமஸிலும் அதை ஒட்டிய பகுதியிலும்தான் இருக்கின்றன. அவற்றின் நார்களோ ஏறக்குறைய மூளை முழுக்கப் பரவுகின்றன. பெப்டைடில் ஒட்டும் ஆன்டிபாடி ஒளிர்வதை மட்டும் வைத்துப் படம் வரைந்தால் ஊரெல்லாம் ஒரெக்சின் செல் இருப்பதாகத் தோன்றும். மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகலான தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் செல் உடலில் தங்குவதால், அதைத் திசுவிலேயே கண்டறியும் இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷனே நம்பகமானது. பெப்டைடைச் செல் உடலில் தேக்கக் கோல்கிசின் (colchicine) மருந்து கொடுக்கும் பழைய உத்தியிலும் கவனம் வேண்டும்: அது ஆக்ஸான் (செல்லின் நீண்ட நார்) வழிப் போக்கைத் தடுப்பதோடு நிற்காமல், சில பெப்டைடு மரபணுக்களின் வெளிப்பாட்டையே மாற்றிவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது புரோப் (தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டி அதைக் காட்டும் நியூக்ளிக் அமிலத் துண்டு) தேர்வில்தான். வாசோபிரசின், ஆக்ஸிடோசின் என்ற உறவுப் பெப்டைடுகள் இரண்டின் மரபணுவிலும் மும்மூன்று எக்ஸான்கள் (தூது ஆர்.என்.ஏ.வில் இடம்பெறும் பகுதிகள்). நடு எக்ஸான் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. புரோப் அங்கே விழுந்தால் எது எதுவென்று பிரியாது. மூன்றாம் எக்ஸானிலிருந்து எடுங்கள். சென்ஸ் புரோப் (தூது ஆர்.என்.ஏ.வின் அதே வரிசை கொண்ட, ஒட்டக்கூடாத ஒப்பீட்டுப் புரோப்) வெறுமையாக இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். உறவு மரபணுவோடு ஒட்டுவதை அது காட்டாது. சோதிக்கச் சுப்ராகயாஸ்மேடிக் உட்கருவைப் (ஹைப்போதலாமஸில் உடல் கடிகாரமாக இயங்கும் செல் கூட்டம்) பாருங்கள்: வாசோபிரசின் அங்கே உண்டு, ஆக்ஸிடோசின் செல்கள் இல்லை. 'ஆக்ஸிடோசின்' புரோப் அங்கே மின்னினால் அந்தத் தொகுதியையே தூக்கிப் போடலாம்.

கிரீ சுண்டெலிகள் (ஒரு மரபணு வெளிப்பட்ட செல்லில் ஒளிரும் குறியை நிரந்தரமாக இயக்கிவிடும் மரபணு மாற்ற எலிகள்) வேறு விதமாக ஏமாற்றும். வளர்ச்சியின்போது பசியை அடக்கும் போம்சி (POMC) மரபணு சற்றுநேரம் வெளிப்பட்ட செல்களில் சில பின்னாளில் பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி (AgRP) செல்களாகின்றன. ரிப்போர்ட்டர் ஒளி, அதாவது அந்தக் குறியின் ஒளி, 'மரபணு என்றோ வெளிப்பட்டிருந்தது' என்றுதான் சொல்கிறது. வளர்ந்த சுண்டெலியில் தூது ஆர்.என்.ஏ.வை நேரே பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

விலங்கின் நிலையைக் குறிக்காத படம் பாதிப் படம்தான். பட்டினி ஏஜிஆர்பி, அதே போலப் பசியைத் தூண்டும் என்பிஒய் (NPY) இரண்டையும் ஏற்றி, போம்சியை இறக்கும். சுப்ராகயாஸ்மேடிக் உட்கருவில் வாசோபிரசின் தூது ஆர்.என்.ஏ. பகலில் கூடி இரவில் குறையும். மீடியல் அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் வாசோபிரசின் தூது ஆர்.என்.ஏ. ஆணுக்கு அதிகம்; விதை நீக்கினால் சரியும்.

ஆய்வுக்கூட வேலையில் சுருக்கமாக: தண்ணீரை 0.1% டெப்சி (DEPC, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருள்) கலந்து ஓரிரவு வைத்து ஆட்டோகிளேவ் செய்யுங்கள். டிரிஸ் (அமிலத்தன்மையைச் சீராக வைக்கும் உப்பு) கரைசலில் டெப்சியை நேராக ஊற்றாதீர்கள், டிரிஸின் அமீனோடு வினைபுரிந்து வீணாகும். 20 மைக்ரான் தடிமனில் சீவி ஐந்துக்கு ஒன்றை எடுத்தால் இடைவெளி 100 மைக்ரான். சிறிய உட்கருவுக்கு அதற்கு மேல் விடக்கூடாது. நிறம் ஏற்றும் நேரத்தைச் சுப்ராஆப்டிக் உட்கருவில் (ஹைப்போதலாமஸின் இன்னொரு செல் கூட்டம்) உள்ள பெரிய செல்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவை சீக்கிரமே கறுத்துவிடும், அமிக்டலாவின் மங்கலான செல்கள் அப்போது தெரியவே தெரியாது. இரண்டு நேரங்களில் நிறுத்திய இரு தொகுதிகள் வேண்டும்.