செங்கோட்டை பழைய வீட்டை ஜாக்கி போட்டு தூக்குன அனுபவம்

எங்க வீடு செங்கோட்டைல, ஊர் திருவிதாங்கூர்ல இருந்த காலத்துல கட்டுனது (1956 நவம்பர் 1ல தான் இந்தப் பக்கம் சேர்ந்துச்சு), சுண்ணாம்புச் சுவர், தேக்கு மச்சு, மேல ஓடு. ரோட்டு மேலயே ரோடு போட்டு போட்டு திண்ணை கீழ போயிருச்சு, சாரல் சீசன்ல தண்ணி நேரா நடைக்குள்ள வந்துரும். இடிச்சிட்டு கான்கிரீட் போடுன்னு தான் எல்லாரும் சொன்னாங்க, எனக்கு மனசே வரல.

ஜாக்கி வச்சு தூக்குறவங்கள கூப்பிட்டேன். முதல்ல ஓட்டை இறக்கி பாரத்தை குறைச்சு, வாசல் ஜன்னலை எல்லாம் செங்கல் வச்சு தற்காலிகமா அடைச்சாங்க, இல்லைனா மேல ஆர்ச்சுல விரிசல் விட்டுரும். அப்புறம் சுவருக்கு அடியில ஒரேயடியா தோண்டாம விட்டு விட்டு தோண்டி, இரும்பு சேனல் சொருகி, கீழ வரிசையா ஜாக்கி நிறுத்தி, மேஸ்திரி விசில் அடிச்சா எல்லாரும் ஒண்ணா ஒரே அளவு திருப்பணும், ஒருத்தர் முந்துனாலும் சுவர் கீறிரும். மூணு அடி ஏத்தி, அடியில புதுசா கட்டிட்டு ஜாக்கியை ஒவ்வொண்ணா உருவுனாங்க.

என்னைக் கேட்டா தூக்குறதை விட பூச்சு தான் முக்கியம். "சிமெண்ட் பூசுனா ஸ்ட்ராங்கு அண்ணாச்சி"ன்னார் கொத்தனார். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிய விடும், மேல சிமெண்ட் ஏறுனா ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து உரிஞ்சு வரும். கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு தான் வேணும்னு பிடிவாதமா நின்னேன், காய லேட்டாகும், பரவால்ல.

ஆரம்பிக்கும் முன்ன கரண்டு, தண்ணி பைப், சாக்கடை கனெக்‌ஷன் எல்லாம் கழட்டி விட்ருங்க, இன்ஜினியரை கூட்டி வந்து சுவரை காட்டிட்டு தான் அட்வான்ஸே குடுங்க.