ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் ஃபிலிம் போடுவது எப்படி?

தைப்பூசத்தன்று மொரிஷியஸ் முழுவதும் பொது விடுமுறை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளில், காத்ர் போர்ன் ஊரில் கோர் த கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலுக்கு என் மாமா காவடி எடுத்துப் படியேறினார். பக்கத்திலேயே நடந்து ஒரு ஃபிலிம் முழுவதும் எடுத்தேன். கழுவி வந்த சுருளில் ஒரு படமும் விழவில்லை. கேமராவுக்குள் ஃபிலிம் நகரவே இல்லை. மாமா அதன்பிறகு காவடி எடுக்கவில்லை. அந்த இழப்பு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பது லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள தனிச் சாளரம் வழியாகப் பார்த்து எடுக்கும் ஃபிலிம் கேமரா. அதில் யாஷிகா எலக்ட்ரோ 35 போலப் பின்கதவு திறக்கும் வகையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நிழலுக்கு வாருங்கள். ஃபிலிம் குளிர்பெட்டியில் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே எடுத்து, டப்பாவைத் திறக்காமல் வெளியே வையுங்கள். நம் கடலோர ஈரக்காற்றில் உடனே திறந்தால் அதன்மேல் நீர் படியும்.

இடப்பக்க மேல்மூலையில் உள்ள சுற்றுக்குமிழை மேலே இழுத்தால் கதவு திறக்கும். இடப்பக்கக் குழிக்குள், துருத்திய முனை கீழே இருக்கும்படி ஃபிலிமை வைத்துக் குமிழை அழுத்திவிடுங்கள்.

அடுத்ததில் அவசரம் வேண்டாம். ஃபிலிமின் நாக்கை வலப்பக்க உருளையின் பிளவுக்குள் நன்றாகச் செருகி ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாகத் தள்ளுங்கள். லீவர் பூட்டிக்கொண்டால் ஷட்டரை அழுத்திவிட்டுத் தொடருங்கள். நாக்கின் ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். ஆகவே மேலும் கீழும் இரண்டு பக்கத் துளைகளும் உருளைக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தின் பற்களில் உட்காரும்வரை கதவை மூடாதீர்கள். ஒரு படத்துக்கு 8 துளைகள் நகரும்; ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தால் எங்காவது நழுவிவிடும்.

கதவை மூடியதும் சுற்றுக்குமிழின் கைப்பிடியை மடக்கிலிருந்து விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். லேசாக இறுகியதும் நிறுத்துங்கள். இனி லீவரைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. எத்தனையாவது படம் என்று காட்டும் எண்காட்டியை நம்பாதீர்கள், உள்ளே ஃபிலிம் இல்லாவிட்டாலும் லீவர் தள்ளத் தள்ள அது ஏறிக்கொண்டே போகும். நான் அதைத்தான் நம்பினேன். முதல் சில படங்களுக்காவது குமிழின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

எண் 1 வரும்வரை வெற்றுப் படங்களாக ஓட்டுங்கள். ஃபிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணையும், அதாவது அதன் ஒளியுணர்வைக் காட்டும் எண்ணையும், கேமராவில் வைத்துவிடுங்கள்.

1954இல் வந்த லைக்கா எம்3 வேறு விதம். அதில் அடித்தட்டைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்து, நாக்கை அதில் மாட்டி, இரண்டையும் சேர்த்து உள்ளே இறக்க வேண்டும். ஆனால் குமிழ்ச் சோதனை அதற்கும் இதேதான்.

இன்னொன்று: ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும்.

36 படங்கள் முடியும் தறுவாயில் லீவர் இறுகும். வலிந்து தள்ளாமல், அடியிலுள்ள பொத்தானை அழுத்தி ஃபிலிமைத் திரும்பச் சுற்றியபிறகே கதவைத் திறங்கள். 36ஐத் தாண்டியும் லீவர் இலகுவாகவே வந்தால் ஃபிலிம் மாட்டவில்லை என்று பொருள். அன்று மலைப்படியில் என் கைக்கு அது இலகுவாகத்தான் வந்துகொண்டிருந்தது.