ஆக்குப்பெரை ராத்திரியில் போலீஸ் வந்தால்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் மைக் செட்டு வாடகைக்கு விடுவது என் தொழில். 24 வருஷமாகிறது. கல்யாணம், சடங்கு, புதுவீட்டுப் பால்காய்ப்பு, கிறிஸ்துமஸ் கேரல், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருக்கிறேன். வீட்டு விசேஷத்தில் போலீஸ் வந்து நிற்பதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒரே ஒரு தடவைதான் அது பெரிய சங்கடத்தில் முடிந்தது. இதை எழுதுவதற்குக் காரணமே அந்த ராத்திரிதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், ஆக்குப்பெரை, அதாவது எல்லாரும் கூடி விருந்துக்குச் சமைக்கிற ராத்திரி. முற்றத்தில் பந்தல். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவியலுக்குத் தடியங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒரு ஓரத்தில் பிரதமனுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் கூட்டுக்காரப் பையன்கள் பாக்ஸுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மணி 10.20. ஜீப் வந்தது. ஏட்டு இறங்கி, "பாட்ட நிப்பாட்டுங்க, புகார் வந்திருக்கு" என்றார். நான் வால்யூமைக் குறைக்கக் கை வைப்பதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டுக்குப் போய்விட்டார். "எங்க வீட்டு முற்றத்துல எங்க பாட்டு. கேக்கதுக்கு நீரு யாரு?" என்றார். அதற்கப்புறம் பேச்சு பாட்டைப் பற்றியதாக இல்லை. கை நீட்டினார்கள், தள்ளினார்கள். இரண்டு பையன்கள் ஜீப்பில் ஏறினார்கள், என் ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் கூடவே ஏறின. மாப்பிள்ளையின் அம்மா கிணற்றடியில் நின்று அழுததை நான் மறக்கவில்லை. நறுக்கின காய் அப்படியே கிடந்தது.

ஆம்ப்ளிஃபயரைத் திரும்ப வாங்க பத்மனாபபுரம் கோர்ட்டுக்கு அலைந்தபோது ஒரு வக்கீல் ஐயா பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் இதில் பாதி. மீதி நான் பார்த்துப் படித்தது.

முதலில் மனசில் ஏற்ற வேண்டியது இது. பாட்டை நிறுத்தும் அதிகாரம் வேறு, விசேஷத்தையே கலைக்கும் அதிகாரம் வேறு. முதலாவது போலீஸுக்கு எளிதாகக் கிடைக்கும். இரண்டாவது அப்படிக் கிடைக்காது. நாம் வாயால் சண்டை போட்டுத்தான் முதலாவதை இரண்டாவதாக மாற்றிக் கொடுக்கிறோம்.

பாட்டு விஷயத்தைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் என்று மத்திய அரசு விதி இருக்கிறது. ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வைக்கவே கூடாது. மூடின மண்டபத்துக்குள் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். திறந்த முற்றமும் மொட்டைமாடியும் துணிப்பந்தலும் மூடின இடம் ஆகாது. பண்டிகை நாட்களில் 12 மணி வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம், ஆனால் வருஷத்துக்கு மொத்தம் 15 நாள்தான். அது பொதுப் பண்டிகைக்கு. உங்கள் மகன் கல்யாணத்துக்கு அல்ல.

சொந்த வீட்டில் சொந்த செட்டு என்றாலும் கணக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. உங்கள் மதிலுக்கு வெளியே அதைவிட 5 டெசிபல் வரைதான் கூடலாம். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே 60 பக்கம் வரும். அதனால் பத்து மணிக்கு மேல், "குறைச்சு வச்சிருக்கோம் சார்" என்ற வாதம் எங்கேயும் நிற்காது. குறைக்காதீர்கள், அணைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவித்திருந்தால் கணக்கு இன்னும் இறுக்கம்: பகலில் 50, இரவில் 40. நம்ம மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூட மணி கேட்காத தெரு குறைவு என்பதால் இதை ஸ்டேஷனிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இந்த விதியில் 8-ஆவது பிரிவுதான் "தொந்தரவு வருவதற்கு முன்னே" என்பதற்கான அதிகாரம். ஸ்டேஷன் பொறுப்பதிகாரியின் அறிக்கையை வைத்தோ வேறு தகவலை வைத்தோ, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லை வரும் என்று திருப்திப்பட்டால், பாட்டைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ உத்தரவு போடலாம். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். போடுகிறவர் கலெக்டராகவோ, அதற்கென்று நியமிக்கப்பட்ட, டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியாகவோ இருக்க வேண்டும். சத்தம் போட்டதற்கு மட்டும் என்றால் பொதுத் தொல்லை என்று, பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 292-இல் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதற்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. நிறுத்தச் சொல்லி எழுத்தில் உத்தரவு வந்தபிறகும் பாட்டு ஓடினால் கதை வேறு. உத்தரவை மீறியதற்கு 223-ஆவது பிரிவு வரும், அதற்கு வாரண்ட் வேண்டாம்.

இனி விசேஷத்தைக் கலைக்கும் அதிகாரம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 168-ஆவது பிரிவு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடக்கப்போகிறது என்றால் போலீஸ் தலையிட்டுத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும் என்கிறது. அப்படி ஒரு குற்றத்துக்கு ஒருவன் திட்டமிட்டிருப்பது தெரிந்து, வேறு வழியில் தடுக்க முடியாது என்றால் 170-இல் பிடித்து வைக்கலாம். அதிகபட்சம் 24 மணி நேரம். 172 புதிதாக வந்தது: இப்படித் தடுப்பதற்காகப் போலீஸ் சொல்கிற சட்டபூர்வமான கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும், மறுத்தால் அங்கிருந்து அப்புறப்படுத்தலாம். பழைய 144 தடை உத்தரவு இப்போது 163. நம்ம மாவட்டத்தில் அது போலீஸ் போடுவதில்லை, கலெக்டர், ஆர்.டி.ஓ. மாதிரி நிர்வாக நடுவர்கள் எழுத்தில் போடுவது, சாதாரணமாக இரண்டு மாதம் வரை செல்லும்.

இவற்றை நன்றாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரு குற்றமோ ஆபத்தோ பொது அமைதிக் குலைவோ நடக்கும் என்ற பயம் இருக்க வேண்டும். பத்துப் பேர் கூடி உட்கார்ந்து சாப்பிடுவதோ, காய் நறுக்குவதோ, கொட்டில்லாமல் பாடுவதோ இதில் வராது. பாட்டு நின்றபிறகு, "எல்லாரும் வீட்டைக் காலி பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பிரிவில் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பந்தி நடக்கட்டும்.

நம்ம மாவட்டத்தில் போலீஸ் சட்டென்று வருவதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த வயசானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். உயிர்கள் போயின, வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கிற ஊர் நம்முடையது. மாப்பிள்ளை ஊர்வலம் வழிபாட்டு இடத்தின் முன்னால் நின்று ஆடினால் ஸ்டேஷன் போன் உடனே அடிக்கும். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஊர்வலத்துக்கு நான் செட்டு கட்டினால், அந்த இடத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே வண்டியில் சத்தத்தை நிறுத்திவிடுவேன். எந்த மதத்து இடமாக இருந்தாலும் இதுதான் என் பழக்கம். கட்சிக்காரர்கள் வற்புறுத்தினாலும் மாற்றியதில்லை.

போலீஸ் வருகிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு முன்பே நாம்தான் தீர்மானிக்கிறோம்.

பாட்டு வைக்க அனுமதி கேட்கும் மனுவை ஐந்து நாளுக்கு முன்பாவது கொடுங்கள். தேதி, இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை பாக்ஸ், பொறுப்பாளர் போன் நம்பர், செட்டுக்காரர் போன் நம்பர், கூடவே கல்யாணக் கடிதமும் ஆதார் நகலும். எங்கள் பக்கம் ஸ்டேஷனில்தான் மனு வாங்குகிறார்கள். ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். "நான் பாத்துக்கிடுதேன், போங்க" என்று வாயால் சொல்கிற அனுமதி, அந்த ராத்திரி டூட்டி மாறினால் காற்றோடு போகும். அனுமதிக் கடிதத்தில் கூம்புக் குழாய் கூடாது, பாக்ஸ் மட்டும் என்று எழுதியிருக்கும். அதைப் படியுங்கள். பந்தல் சாலையில் ஒரு முழம் இறங்கினாலும் பஞ்சாயத்திலும் சொல்லுங்கள். பொதுவழியை மறித்தால் நியாய சன்ஹிதா 285-ஆவது பிரிவில் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அதற்கு வாரண்டும் தேவையில்லை.

அதைவிடப் பெரிய அனுமதி பக்கத்து வீட்டில் வாங்க வேண்டியது. புகார் சும்மா வருவதில்லை. அந்த ராத்திரி புகார் சொன்னது யார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் பின்மதிலுக்கு அப்பால் ஒரு வயசான பாட்டா ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் வீடு வந்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. என் இரண்டு பெரிய பாக்ஸும் அந்த மதிலைப் பார்த்து நின்றன. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இப்போதெல்லாம் செட்டு கட்டப் போனதும் நாலு பக்கமும் நடந்து பார்ப்பேன். கைக்குழந்தை, நோயாளி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று கேட்பேன். பாக்ஸை வீட்டுச் சுவரைப் பார்த்து உள்நோக்கித் திருப்புவேன். விசேஷ வீட்டுப் பெண் ஒருத்தியிடம், "மாமி வீட்ல போய் ரெண்டு வார்த்த சொல்லிட்டு வாம்மா. பத்து மணிக்கு நிப்பாட்டிருவோம், அதுக்கு முன்னால சங்கடமா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடச் சொல்லு" என்று என் நம்பரை எழுதிக் கொடுத்து அனுப்புவேன். ஒரு பொதி உப்பேரியும் கூடப் போனால் நல்லது. அதற்கப்புறம் 100-க்குப் போகிற போன் எனக்கு வரும். இப்படி ஏழெட்டு தடவை வந்திருக்கிறது, அப்போதே குறைத்திருக்கிறேன்.

குடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலையில் நின்று குடிப்பதும், குடித்துவிட்டுத் தகராறு செய்வதும், களியக்காவிளை எல்லை தாண்டி கேரளாவில் வாங்கி வந்த பாட்டிலும் மதுவிலக்குச் சட்டத்தில் தனி வழக்கு. அதில் போலீஸுக்குச் சோதனை போடும் அதிகாரமும் தனியாக உண்டு. பாட்டுப் புகாருக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டால் நீங்கள் வாங்கி வைத்த அனுமதிக் கடிதம் உதவாது. கடற்கரைப் பக்கம் காட்டேஜ் வாடகைக்கு விடுகிறவர்கள் இன்னும் கவனம்: தெரிந்தே கஞ்சாவுக்கு இடம் கொடுத்தால் வீட்டுக்காரர்மேலும் வழக்கு வரும்.

சரி, எல்லாம் செய்தும் ஜீப் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் நிமிஷத்தில் பாட்டை அணைக்க வேண்டும். யார் சரி என்பது அப்புறம். நான் இப்போது மெயின் ஸ்விட்சை என் கைக்கெட்டும் இடத்தில்தான் வைக்கிறேன், வாடகை பேசும்போதே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன்: போலீஸ் வந்தால் உங்களைக் கேட்க மாட்டேன், அணைத்துவிடுவேன். இரண்டாவது, கேட்டுக்கு ஒரே ஒரு ஆள் போக வேண்டும். குடிக்காத ஆள், கோபம் வராத ஆள். வயசான அத்தையோ டீச்சர் வேலை பார்க்கிற மதினியோ போனால் மிக நல்லது. ஆடின பையன்கள் பின்னால் வந்து நிற்கவே கூடாது. "பாட்டு நிப்பாட்டியாச்சு சார். இதுதான் அனுமதிக் கடிதம். பந்தி மட்டும் நடக்கு, பதினோரு மணிக்குள்ள முடிஞ்சிரும்." இவ்வளவு போதும். பத்தில் ஒன்பது தடவை ஜீப் திரும்பிவிடும்.

வீட்டுக்குள் வர வேண்டும் என்றால், காரணத்தைக் கேளுங்கள். சோதனை என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், வீடியோ பதிவும் செய்ய வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. கேட்கலாம், ஆனால் வாசலை மறித்து நிற்கக் கூடாது; அது அரசு ஊழியரைத் தடுத்த வழக்காகும். கை பட்டால் இன்னும் பெரிய வழக்கு. யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் எந்த ஸ்டேஷன், என்ன காரணம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறவினருக்குத் தகவல் சொல்வது அவர்கள் கடமை. சூரியன் அஸ்தமித்தபின் பெண்களைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியும் பெண் போலீஸும் வேண்டும். வக்கீலுக்கு வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி நம்பருக்குக் கூப்பிடலாம்.

செட்டைத் தூக்கிக்கொண்டு போனால், என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். கைப்பற்றின பொருளைப் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்; திரும்பப் பெற அந்தக் கோர்ட்டில்தான் மனு போட வேண்டும். அங்கே முதலில் கேட்பது, இது உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று. என்னிடம் பில் இல்லாததால்தான் அத்தனை அலைச்சல். இப்போது ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் பின்னால் இருக்கிற சீரியல் நம்பரை பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, போனில் ஒன்றும் வீட்டு அலமாரியில் ஒன்றுமாக வைத்திருக்கிறேன்.