நான்காவது முறை வராமல் இருக்க நான் செய்பவை

எனக்கு பைபோலார் இருக்கிறது. மனம் சில காலம் சோர்விலும், சில காலம் அளவுமீறிய எழுச்சியிலும் மாறி மாறிப் போகும் மனநோய் அது. முதல் மனச்சோர்வு அப்பா இறந்த பிறகு வந்தது. இரண்டாவது, வேலை போனபோது. மூன்றாவது முறைக்கு நான்கு இரவு தூக்கம் கெட்டதே போதுமானதாக இருந்தது. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்று டாக்டரிடம் கேட்டேன். அப்போதுதான் அவர் 'கிண்ட்லிங்' பற்றிச் சொன்னார். சுள்ளி வைத்துத் தீ மூட்டுவது என்று பொருள்.

1967இல் கிரஹாம் காடர்ட் என்ற ஆய்வாளர், எலிகளின் மூளையில் தினமும் மிக மெல்லிய மின்தூண்டல் கொடுத்ததைப் பற்றி எழுதினார். முதலில் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள் போகப் போக, அதே அளவு மின்சாரத்துக்கே வலிப்பு வந்தது. 1992இல் மனநல மருத்துவர் ராபர்ட் போஸ்ட் இதை மனநிலைக் கோளாறுகளோடு ஒப்பிட்டார். நோய் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் மூளையின் கூருணர்வு ஏறுகிறது. அடுத்த முறைக்குச் சிறிய அழுத்தமே போதும், பின்னால் அதுவும் வேண்டாம் என்பது அவர் கருத்து. எல்லோருக்கும் நோய் இப்படிப் போவதில்லை. எனக்குப் போனது.

அதனால் பெரிய துக்கங்களுக்குக் காத்திராமல், சின்ன மாற்றங்களைக் கவனிக்கிறேன். முதலில் தூக்கம். படுத்த நேரம், எழுந்த நேரம், மனநிலைக்கு பத்துக்கு எத்தனை மதிப்பெண், இந்த மூன்றும் தினமும் நோட்டில் ஏறும். நான்கு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை என்றால் எனக்குச் சந்தோஷம் வராது, பயம்தான் வரும். மனஎழுச்சி அப்படித்தான் தொடங்கும். இரண்டு இரவு அப்படிப் போனால் மூன்றாம் நாள் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன்.

உங்கள் அறிகுறிகள் வேறாக இருக்கும். போன முறை நோய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரங்களை வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் போனை எடுக்காமல் விட ஆரம்பித்ததை என் தங்கைதான் சொன்னாள்.

மாத்திரை விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். நன்றாகிவிட்டதே என்று, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடினால் உடலுக்கு ஆபத்து. உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நோட்டையெல்லாம் விட்டுவிட்டு, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டரின் எண் இருக்கிறது. தங்கையிடமும் அதன் நகல் ஒன்று இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொன்னாலும் அவளே கூப்பிடலாம் என்று, நன்றாக இருந்த ஒரு நாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.